சுரங்க வாசலில் நின்ற ரயில்

மார்ச் 9

காலையில் என் வீட்டுக்காரருக்கு நகம் வெட்டினேன். இடது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வலது கை வைத்த இடத்திலேயே கிடந்தது.

நவம்பரில், பொம்மை ரயில் ஓட்டும் அறையில் பக்கவாதம் வந்து விழுந்தவர். அன்றிலிருந்து ஒரு சொல் இல்லை. டாக்டர் மூளைப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "பேச்சு மட்டும் இல்லம்மா, புரிஞ்சுக்கிற இடமும் போயிருக்கு. நீங்க பேசுறது அவருக்குச் சத்தமாத்தான் கேக்கும். அர்த்தமா கேக்காது."

ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். பதில் வராதது எனக்கென்ன புதிதா? ரயில் ஓட்டும்போது கூப்பிட்டால் அந்தக் காலத்திலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

மாலையில் மகன் போன் செய்தான். "அம்மா, அந்த முதியோர் இல்லத்துல ஜூன் மாசம் ஒரு இடம் காலியாகுதாம். பேர் கொடுத்துட்டேன். அப்பாவுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். உனக்குத்தான் ஒண்ணு இல்ல."

சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. முதுகு அப்படி வலித்தது.

மார்ச் 14

கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்று ஒன்று கண்டுபிடித்தாள். இடது கட்டை விரலில் நல்ல பலம் இருக்கிறதாம். "அவருக்குப் பிடிச்சது ஏதாவது அந்த விரலுக்குக் கொடுங்க மேடம். வேலை செய்யணும்னு அதுக்கே தோணணும்."

பிடித்ததா? என்னிடமா கேட்கிறாய் பெண்ணே! என் சக்களத்தி இருக்கிறாளே. கறுப்பு நீராவி எஞ்சின், ஒரு சாண் நீளம், பித்தளைக் கைப்பிடி. கல்யாணமாகி வந்த அன்றே அறிமுகம் செய்துவைத்தார். "இவ உனக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவ" என்று. நான் சிரித்திருக்கக் கூடாது. அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும்.

நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக ரயில் அறையைத் திறந்தேன். ஒரே தூசி. நிலையம், வளைவு, மூலையில் காகிதக் கூழில் செய்த மலை, மலைக்குள் சுரங்கம். எல்லாம் விட்டது விட்டபடி. அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி அங்கே கிடக்கிறதா என்றும் தேடினேன். விழுந்த அன்றிலிருந்து காணோம். நான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் புதிது செய்து போட்டிருக்கிறேன், இருந்தாலும் ஒரு பொருள் எப்படிக் காற்றோடு போகும்?

வண்டியை ஓட்டத் திருகும் குமிழ், மேசையின் அந்தப் பக்க விளிம்பில் இருக்கிறது. நின்றுகொண்டுதான் திருக முடியும். சக்கர நாற்காலி அந்த இடுக்குக்குள் போகாது. கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 17

டீசல் வந்திருந்தார். அவருடைய ரயில் நண்பர். டீசல் எஞ்சின் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் இவர் வைத்த பெயர். என்னை அண்ணி என்பார். இவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அந்த மனிதருக்கு. கலங்கிய கண்ணோடு இரண்டு கப் டீ குடித்தார்.

பேச்சுவாக்கில் அந்தக் குமிழைப் பற்றிச் சொன்னேன். "டிஜிட்டலா மாத்திடுங்க அண்ணி. தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் இருக்கும். வண்டி வயித்துல டிகோடர்னு ஒரு சில்லு வச்சிட்டா, அது போன்ல இருந்து வர்ற உத்தரவைக் கேட்டு மோட்டாரை ஓட்டும். போன்ல பெருசா ரெண்டு பட்டன் போதும். பச்சை, சிவப்பு. நாற்காலியில உக்காந்தே ஓட்டலாம்."

அதையே இவரிடம் அவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கேட்கவில்லை. "அவ வயித்தை அறுத்துத்தான் ஓட்டணும்னா எனக்கு ரயிலே வேணாம்" என்று ஒரு தடவை பேச்சு முற்றி, இரண்டு பேரும் மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. அதை நினைவுபடுத்தினேன். டீசல் தரையைப் பார்த்தார். "இப்ப அவன்கிட்ட கேட்டுச் செய்யவா முடியும் அண்ணி?"

முடியாதுதான்.

மார்ச் 28

இரண்டு டிகோடர் கொண்டுவந்து கொடுத்தார் டீசல், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. என் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முடி போல வயர்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்க. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மற்றதெல்லாம் விளக்குக்காம்.

கைநடுக்கம் காரணமாக டீசலால் பொருத்த முடியாது. நான் செய்கிறேன் என்றேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கடுகு அளவு திருகோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியவள். இப்போதும் முதலாளி பழுது வேலையை வீட்டுக்கே அனுப்புகிறார். திருப்புளி, பூதக்கண்ணாடி, ஈயம் வைத்து ஒட்டும் சால்டரிங் கோல் எல்லாம் கையோடு இருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு அண்ணி. பழைய வண்டியில மோட்டாரோட ஒரு கால் வண்டி உடம்போட ஒட்டியிருக்கும். அதைப் பிரிச்சுத்தான் ஆகணும். மோட்டார் உடம்பை எங்கயும் தொடக் கூடாது. தொட்டா டிகோடர் அவ்வளவுதான்." ஒரு மீட்டரும் கொடுத்தார். மோட்டாரில் ஒரு முனை, உடம்பில் ஒரு முனை. பீப் என்று கத்தினால் தப்பு.

ஏப்ரல் 2

இடுப்பில் படுக்கைப் புண். சட்டைப் பொத்தான் அளவு. எப்போது வந்தது? நான் எங்கே போயிருந்தேன்?

ஏப்ரல் 11

பாழாய்ப் போன நாள்.

அவரை மேசைக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கூட இருக்கட்டுமே என்று. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே அழுக்கே இல்லை. என் சமையலறையை ஒரு நாள் இப்படித் துடைத்துக் கொடுத்திருப்பாரா மனிதர்! மோட்டாரை உடம்போடு இணைத்த பித்தளைத் தகட்டை வெட்டினேன். வெட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வயரையும் சால்டர் செய்தேன். மோட்டாரைத் திரும்ப உட்கார வைத்து, அடியில் இருக்கும் திருகை முடுக்கினேன்.

அப்போது இடது கையால் நாற்காலியை அறைந்தார். தப் தப் என்று. பாத்ரூம் போலிருக்கிறது என்று தள்ளிக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை. திரும்ப வந்தால் மறுபடி அறைகிறார். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்! உங்களுக்காகத்தானே சாகுறேன்!" என்று கத்திவிட்டு, வண்டியைத் துண்டுத் தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

புகை. ஒரு கோடு போல மேலே வந்தது. நாற்றம். அவ்வளவுதான்.

டீசல் போனில் கேட்டார்: "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. தகட்டைத்தான் வெட்டிவிட்டேனே என்று இருந்துவிட்டேன். "அடியில இருக்கிற திருகும் இரும்புதானே அண்ணி. அது வழியா உடம்பைத் தொட்டிருக்கும்."

நல்ல இறுக்கமாக முடுக்கினேன். கண்ணாடி வேலையில் அதுதானே பழக்கம். திருகு ஆடினால் வாடிக்கையாளர் திட்டுவார்.

எல்லாவற்றையும் செருப்புப் பெட்டியில் போட்டு மூடினேன். இவர் விரும்பாததைச் செய்து, அதையும் ஒழுங்காகச் செய்யாமல் — எனக்கு எதற்கு இது?

ஏப்ரல் 12

ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 19

சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது தங்கை போன் செய்தாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். எப்படி இருக்கார் மாமா என்றாள். என்ன வந்ததோ எனக்கு, கொட்டிவிட்டேன்.

"இங்க இருக்கிறது உன் மாமா இல்லடி. அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வேற யாரோ உக்காந்திருக்காங்க. ஒரு நாள் தூக்கத்துலயே போயிட்டா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவள் அழுதாள். நான் அழவில்லை. அவர் வாயோரம் ஒழுகியதைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தேன்.

மகனுக்கும் சொல்லிவிட்டேன், முதியோர் இல்லத்துக்குச் சரி என்று. ஜூன் ஐந்தாம் தேதி கார் எடுத்து வருகிறானாம்.

ஏப்ரல் 26

கடையிலிருந்து வந்த பழுதில் ஒரு பிரேம் இல்லாத கண்ணாடி. அதில் திருகு நேராகக் கண்ணாடியைத் தொட்டால் விரிசல் விடும் என்று, திருகுக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் மாட்டுவோம். அரிசியில் பாதி இருக்கும். மாட்டிக்கொண்டே இருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

சக்களத்தியின் திருகுக்கும் இதைப் போட்டால்?

போட்டேன். மீட்டர் வைத்தேன். கத்தவில்லை. மோட்டாரைத் திருப்பித் திருப்பி எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. இந்த வீட்டில் சத்தம் இல்லாததற்காக நான் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான். மிச்சமிருந்த இன்னொரு டிகோடரை, விளக்கு வயரோடு, பொருத்திவிட்டேன்.

ஆனால் எதற்காகச் செய்கிறேன், தெரியவில்லை. ஜூனில் அனுப்பப் போகிறேன். ஒரு வேளை அதற்காகத்தானோ? ஒன்றுமே செய்யாமல் அனுப்பினோம் என்று இருக்கக் கூடாது என்றா?

மே 3

ஓடியது!

டீசல் வந்து, எஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நாற்பத்தேழையே அதன் நம்பராகப் போனில் பதிந்துகொடுத்தார். கையளவுத் துண்டுத் தண்டவாளத்தில் முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி. விளக்கு எரிந்தது. டீசல் கைதட்டினார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 6

இன்றைக்கு ரயில் அறையின் பெரிய மேசையில். தூசி துடைத்து, தண்டவாளத்தைத் துணியால் தேய்த்து, வண்டியை நிலையத்தில் நிறுத்தினேன். போனை அவர் இடது கையில் கட்டினேன். கட்டை விரலைப் பிடித்துப் பச்சையை நானே அழுத்தினேன். சக்களத்தி அசைந்தாள், வளைவில் ஏறினாள், மலையை நோக்கிப் போனாள் — நின்றுவிட்டாள். சுரங்க வாசலில்.

பார்த்தால் அவர் விரல் சிவப்பின் மேல்.

கையால் பின்னால் தள்ளி, மறுபடி பச்சை. மறுபடி அதே இடத்தில் சிவப்பு.

மே 9

மறுபடி சிவப்பு. ஒரு சுற்றுகூடப் போக விடவில்லை.

பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே குஷி. விரல் அழுத்துகிறதே! மகனிடம் சொன்னேன். "அம்மா, அது வெறும் தசை. நீயா எதையாவது நெனச்சு மனசை ஒடச்சுக்காத."

மே 13

தசை என்றால் பச்சையையும் ஒரு தடவை அழுத்த வேண்டாமா? பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அறுத்துவிட்டேன் என்று கோபம். நிறுத்து, நிறுத்து, நிறுத்து.

ஆனால் கோபப்படவும் புரிய வேண்டுமே. புரியாது என்று படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். அப்படியென்றால் நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்?

மே 20

அவருடைய சட்டைகளில் பெயர் தைத்தேன். இல்லத்தில் துணி மாறிவிடுமாம். அவரால் இனி வாயால் சொல்ல முடியாத பெயர்.

மே 24

இதை இன்றே எழுத வேண்டும்.

காலையில் கடைசி முயற்சி என்று உட்கார வைத்தேன். மறுபடி சுரங்க வாசலில் சிவப்பு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போனைப் பிடுங்கினேன். "இவளை ஒரு சுத்து ஓட விடமாட்டீங்களா? நான் ஓட்டுறேன், பாருங்க!" என்று வேகத்தைக் கூட்டிப் பச்சையை அழுத்தினேன்.

அவர் நாற்காலியை அறைந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம். நவம்பருக்குப் பிறகு முதல் சத்தம். நான் நிறுத்தவில்லை.

வண்டி சுரங்கத்துக்குள் போனது. உள்ளே மடார் என்று ஒலி. விளக்குகள் அணைந்தன. வெளியே வரவே இல்லை.

மலையை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தேன். வண்டி கவிழ்ந்து கிடந்தது, புகைபோக்கி ஒடிந்து, ஒரு வயர் பிய்ந்து. அதற்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு பக்கம் இல்லை. விரல் நீளத்துக்கு வெறும் இடைவெளி. பக்கத்தில் அளவெடுத்து வெட்டிய புதுத் துண்டு, ஒரு சின்ன அரம். அரத்தின் மேல், மடக்கிக்கூட வைக்காமல், அவருடைய பழைய மூக்குக் கண்ணாடி.

விழுந்த அன்று அவர் செய்துகொண்டிருந்த வேலை. தண்டவாளத்தைக் கழற்றியிருக்கிறார், மாட்டுவதற்குள் விழுந்திருக்கிறார். மலையை நிமிர்த்தி மூடியது நான்தானோ, ஆம்புலன்ஸ்காரர்களோ.

அவருக்குத் தெரியும். அங்கே தண்டவாளம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார். திருகை நான் முடுக்கும்போது நாற்காலியை அறைந்தது பாத்ரூமுக்கு இல்லை. அது இரும்புத் திருகு என்று சொல்லியிருக்கிறார்.

புரிகிறது. எல்லாம் புரிகிறது இவருக்கு.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "ஐயோ, இங்கதான் இருக்கீங்களா, இங்கதான் இருக்கீங்களா" என்று. அப்புறம்தான் உறைத்தது. இங்கேயேதான் இருந்திருக்கிறார். எல்லா நாளும். நான் சோறு ஊட்டிக்கொண்டே தங்கையிடம் பேசிய நாளும்.

மே 26

டீசலைக் கூப்பிட்டு வண்டியை நேராக்கி, பிய்ந்த வயரை ஒட்டினேன். அவர் வெட்டி வைத்த துண்டையே இடைவெளியில் வைத்தேன். அப்படியே பொருந்தியது.

வண்டியை நிலையத்தில் நிறுத்தி, டீசல் போனபிறகு, போனை அவர் கையில் கட்டினேன். "ஆமாம்னா பச்சை. இல்லைன்னா சிவப்பு. சரியா?"

வண்டி ஓர் அடி நகர்ந்தது. அவராகவே அழுத்தினார், நான் விரலைத் தொடவில்லை.

உப்பு சரியாக இருக்கிறதா? ஆமாம். ஜன்னல் பக்கம் உட்காரப் பிடிக்குமா? ஆமாம். ரேடியோ வைக்கவா?

சிவப்பு. விரலை எடுக்காமல் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. இத்தனை மாதமும் பொழுது போகட்டும் என்று காலையிலிருந்து அதை அவர் காதுக்கு நேராக அலற விட்டிருக்கிறேன். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, தைரியம் வந்தபோதே கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"நான் போன்ல பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

பச்சை.

"தங்கச்சிகிட்ட பேசினதும்?"

பச்சை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. வளைவு, சுரங்கம், நிலையம், மறுபடி வளைவு. அவர் நிறுத்தவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 29

கோபமா என்று கேட்டேன். விரல் அசையவில்லை. மன்னிப்பீர்களா என்று கேட்டேன். அதற்கும் அசையவில்லை. நல்லது. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கேட்கக் கூடாததையும் கேட்டேன். "நான் அன்னிக்குச் சொன்னேனே, தூக்கத்துலயே போயிட்டா நிம்மதின்னு. உங்களுக்கும் அப்படித்தான் தோணுதா?"

பச்சை. வண்டி கிளம்பி வளைவில் ஏறி மலைக்குப் போனது. இப்போது உள்ளே தண்டவாளம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாசலில் நிறுத்திவிட்டார். சிவப்பு.

ஆமாம் என்றும் சொன்னார், இல்லை என்றும் சொன்னார். என்னைக் கேட்டாலும் இதே பதில்தான்.

ஜூன் 1

புண் ஆறவில்லை. மருந்து மாற்றியிருக்கிறார்கள். வலிக்கிறதா என்று கேட்டேன். பச்சை. இத்தனை நாளும் வலித்திருக்கிறது.

ஜூன் 5

மகன் காரோடு வந்தான். பெட்டியைத் தூக்கப் போனவனை ரயில் அறைக்குக் கூட்டி வந்தேன். "உங்கப்பாகிட்ட நீயே கேளு. நான் வாயே தொறக்கல" என்று சுவரோரமாக நின்றுகொண்டேன்.

நம்பாத முகத்தோடுதான் குனிந்தான். "அப்பா, அங்க போலாமா?"

வண்டி நிலையத்திலேயே நின்றது. சிவப்பு மின்னியது.

"தற்செயலா இருக்கும்மா" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, கேள்வியை மாற்றிக் கேட்டான். "அப்பா, இங்கயே இருக்கணுமா?"

சக்களத்தி கிளம்பினாள். ஒடிந்த புகைபோக்கியோடு வளைவில் ஏறி, சுரங்கத்துக்குள் போய், அந்தப் பக்கம் வெளியே வந்து, நிலையத்தில் முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள். மகன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனான்.

எதுவும் சுலபமாகிவிடவில்லை. முதுகு அதே முதுகு. என்னை மன்னித்தாரா என்று இன்னும் தெரியாது. நாளைக் காலையில் இவரைப் படுக்கையிலிருந்து தூக்க வேண்டும். கேட்டுவிட்டுத் தூக்குவேன்.